ஜெபத்தில் தூங்கிவிழுகிறேன், நான் பின்வாங்கிவிட்டேனா?

கேள்வி: எனக்கு வயது 36. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை என்று வீட்டில் ஐந்து பேர். காலை நாலேமுக்காலுக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும்போது மணி எட்டு. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். அத்தை ஜெபிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். நான் முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிழுகிறேன். போன மாதம் அத்தை எல்லார் முன்னாலும், “இவள் மார்த்தாள், இவளுக்கு வேலைதான் பெரிசு” என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதற்குள் பாவ அறிக்கை முடிந்துவிடுகிறது. அதிகாலையில் ஒரு மணி நேரம் ஜெபிக்காத தாயின் பிள்ளைகள் வழிதவறிப்போவார்கள் என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர் பேசினார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து வேதம் வாசித்து ஒரு வருடம் இருக்கும். நான் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேனா?

- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: இல்லை மகளே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீங்கள் பயந்துகொண்டே வாசிப்பீர்கள்.

உங்கள் கடிதம் முழுக்க எனக்குத் தெரிந்தது களைப்பு. எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்த கையோடு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்படிச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது? கண்டிப்பு இல்லை, பிரசங்கம் இல்லை. தூங்கினார். தூதன் தட்டியெழுப்பினான். பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாவது தரமும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். ஓரேப் மலையில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அடையைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

ஆகவே என் முதல் யோசனை உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. முழங்காலில் நின்றபடி ஒருவர் தூங்கிவிழுகிறார் என்றால் ஆவிக்குரிய காரணம் தேடுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பதுதான் முறை. தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டு எட்டரை மணிக்கு இட்லியும் டீயும் சேர்த்துச் சாப்பிடுகிற ஆளாக நீங்கள் இருந்தால், அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை டீ உடம்பில் சேரவிடாது.

தூங்குவதைப் பற்றி இன்னொன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்துக்கொண்டிருந்தபோது கூடப் போன சீஷர் மூன்று பேர் தூங்கினார்கள். அவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னது, “ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது” என்று. 127-ஆம் சங்கீதமோ, “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்” என்கிறது. இதை அத்தையிடம் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. காட்டினால் வேறு வம்பு வரும். உங்களுக்காகச் சொல்கிறேன்.

இனி மார்த்தாள். இந்தப் பெயரைக் கேட்டு மனம் நொந்த மருமகள்களின் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. லூக்கா 10-ஐத் திரும்ப வாசியுங்கள். வீட்டுக்கு வந்த இயேசுவுக்கு மார்த்தாள் ஓடியோடிப் பணிவிடை செய்கிறாள், சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள், மார்த்தாள் அதைக் குறை சொல்கிறாள். அப்போது இயேசு சொன்னது: “மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்.” அவர் குறையாகச் சொன்னது கவலையையும் கலக்கத்தையும். ஏன் அடுப்படியில் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. இன்னொன்று, அவர் அங்கே உட்கார்ந்துகொண்டு இத்தனை வகை சமைத்துக் கொண்டுவா என்று கேட்டவரும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து வகை எதிர்பார்த்துக்கொண்டு, பரிமாறுகிறவளைப் பார்த்து மார்த்தாளே என்று கூப்பிடுகிற உரிமை நம்மில் யாருக்கும் கிடையாது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கோபம் வருகிறது, சரி, விடுங்கள்.

மார்த்தாளின் கதை அங்கே முடியவும் இல்லை. யோவான் 11-இல் அவர்கள் சகோதரன் லாசரு இறந்த பிறகு, இயேசு வருகிறார் என்று கேட்டதும் எழுந்து எதிர்கொண்டு போனவள் மார்த்தாள். மரியாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். “நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து” என்ற அறிக்கை அந்த அடுப்படிக்காரியின் வாயிலிருந்துதான் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் ஒரு விருந்து, மறுபடியும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். அன்றைக்கு யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அடுத்த தடவை அத்தை சொன்னால் மனதுக்குள் “ஆமாம், யோவான் 11” என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் பேசியவர் அநேகமாக நீதிமொழிகள் 31-ஐ மனதில் வைத்துப் பேசியிருப்பார். அதில் குணசாலியான ஸ்திரீயைப் பற்றி வரும் 22 வசனமும் நம் ஆத்திசூடி போல எழுத்து வரிசையில், எபிரெய எழுத்து வரிசையில், அமைந்த பாட்டு. லேமுவேல் ராஜாவுக்கு அவனுடைய தாய் சொன்னதாக அந்த அதிகாரம் ஆரம்பிக்கிறது. அதாவது ஒரு மகனுக்குச் சொன்னது, அதை நாம் மருமகள்களுக்கு டைம்டேபிளாக மாற்றிவிட்டோம். அந்தக் குணசாலி இருட்டோடே எழுந்து என்ன செய்கிறாள் என்று பார்த்தீர்களா? “தன் வீட்டாருக்கு ஆகாரங்கொடுத்து, தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்.” சமைக்க எழுந்தவளைத்தான் அந்தப் பாட்டு கர்த்தருக்குப் பயப்படுகிற ஸ்திரீ என்று புகழ்ந்து முடிக்கிறது. அவளுக்கு வேலைக்காரிகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். உங்களுக்கு இருப்பது ஒரு மிக்ஸியும் ஒரு குக்கரும்.

பிள்ளைகள் வழிதவறுவார்கள் என்பது மிரட்டல். தாய் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று பார்த்துப் பிள்ளைகளைக் காப்பவர் அல்ல நம் ஆண்டவர். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் வேதம் வாசிக்காமல் ஒரு வருடம் என்பது உங்களுக்கே உறுத்துகிறது, அது நல்ல உறுத்தல். அதை அணைத்துவிட வேண்டாம். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-இல். அதற்கு முன்னால் நம் பக்கத்து விசுவாசிகள் வீட்டில் வாசிக்க அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு இல்லை. பெரும்பாலும் காதால் கேட்டதையும் மனப்பாடமாக வைத்திருந்ததையும் கொண்டுதான் ஜெபித்தார்கள். நீங்களும் காதில் இருந்து ஆரம்பியுங்கள். மொபைலில் ஒலி வேதாகமம் இருக்கிறது. எதற்கு நடுவில் கேட்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். மிக்ஸி ஓடும்போது ஏசாயாவே நேரில் வந்து பேசினாலும் கேட்காது. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது கேட்கலாம். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கினால் 16 நாளில் முடிந்துவிடும்.

என் அம்மா எழுதப்படிக்கத் தெரிந்தும் அதிகம் வாசித்து நான் பார்த்ததில்லை. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், களைந்து வைத்த பானையில் கை வைக்காமல், டப்பாவிலிருந்தே ஒரு பிடி தனியாக எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார்கள். அது கோயிலுக்கு. அரிசி கண்ணாடியில் சலசலவென்று விழுந்து முடிகிற அந்த நேரத்துக்குள் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லி முணுமுணுப்பார்கள். காலையில் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. எங்கள் தெரு முடிந்தால் அடுத்த தெரு. மிசோரம் சபைகளில் இந்தக் கைப்பிடி அரிசி 1910-இலிருந்து நடக்கிறது, மிஷனரி ஊழியத்துக்கே அது பெரிய வரும்படி. அம்மாவுக்கு மிசோரம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அந்தப் பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது, மூடிதான் மாற்றியாகிவிட்டது.

குடும்ப ஜெபத்துக்கு வருகிறேன். ஒன்பது மணி என்பது அத்தைக்கு வசதியான நேரம், மத்தியானம் தூங்கி எழுந்தவர்களுக்கு அது பரவாயில்லை. அதை ஏழரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றுங்கள். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், பத்து நிமிடம். சங்கீதத்தைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். சின்னவனுக்கு 117-ஆம் சங்கீதம் கொடுங்கள், இரண்டே வசனம்தான். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். நான் புதுப்பெண்ணாக இருந்தபோது ஒருநாள் மாமா ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கோ அடுப்பில் பால். ஒரு கண்ணைத் திறந்தேன், பொங்க ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் மாமா ஆமென் சொல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து “பால் அணைச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள்.

இந்த மாற்றத்தை நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் கணவர் சொல்லட்டும். உங்கள் வீட்டு ஹாலிலும் “நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்” என்று ஒரு பலகை தொங்கும் என்று நினைக்கிறேன், நம் வீடுகளில் டிவிக்கு மேலே அது இல்லாத வீடு குறைவு. யோசுவா அதை “நானும்” என்றுதான் ஆரம்பிக்கிறார். கடிதத்தில் அத்தை வருகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள், சங்கத்து அம்மா வருகிறார். கணவர் ஐந்து பேரில் ஒருவராக எண்ணிக்கையில் மட்டும் வருகிறார். அவர் கெட்டவர் என்று நான் எண்ணவில்லை, யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். மூன்று டிபன் பாக்ஸில் ஒன்று அவருடையது, அதை அவரே கட்டலாம். தண்ணீர் பிடிப்பதை அவர் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு அரை மணி நேரத் தூக்கம் மிஞ்சும்.

ஞாயிறுக் கறிக்குழம்பு. எங்கள் வீட்டில் அது ராத்திரிக்கு மாறிப் பதினைந்து வருடம் ஆகிறது. மத்தியானத்துக்கு சாம்பார், ஒரு முட்டைப் பொரியல், அப்பளம். முதல் ஞாயிறு ஒருவரும் பேசவில்லை, அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் ஞாயிறு பழகிவிட்டது. இது உங்கள் வீட்டில் நடக்காது என்றால், சனிக்கிழமை ராத்திரியே மசாலாவை அரைத்து, உள்ளி உரித்துப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காயை மட்டும் அன்றைக்கு அரைத்தால் போதும். கோயில் முடிந்து வந்து குக்கரில் போட்டால் ஒன்றரை மணிக்குச் சாப்பிடலாம். பாவ அறிக்கைக்கு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருத்தியை ஒரு குழம்பு தடுக்கக்கூடாது.

அத்தையைப் பற்றி கடைசியாக. அரை மணி நேரம் ஜெபிக்கிறவர்களின் ஜெபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அநேகமாக முழுக்கப் பெயர்களாக இருக்கும். துபாயில் இருக்கிற மகன், முழங்கால் வலி, கல்யாணமாகாத பேத்தி. வீட்டில் வேறு யாரும் கேட்காததை அங்கே சொல்கிறார்கள். அதை நிறுத்த வேண்டாம், நேரத்தை மட்டும் பிரித்துக் கொடுங்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாளை முதலில் சொல்கிறார், தாய் ஐனிக்கேயாள் அதற்கு அப்புறம்தான். ராத்திரி நீங்கள் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் சின்னவனுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கிற வேலையை அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். “அத்தை, எனக்கு வராது, நீங்க சொல்லிக்கொடுத்தாதான் இவன் படிப்பான்” என்று கேளுங்கள். கொஞ்சம் ஐஸ் வைப்பதுதான், தப்பில்லை.

ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.