இசை படிக்கச் சென்னைக்கு அனுப்பலாமா? முதலில் விடுதி நேரத்தைக் கேளுங்கள்

கேள்வி: "நாங்கள் திருநெல்வேலியில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே வாய்ப்பாட்டு கற்கிறாள். கல்லூரியிலும் இசையைத்தான் படிப்பேன் என்கிறாள். சென்னைக்கு அனுப்ப வேண்டுமா? இங்கேயே வேறொரு பட்டம் படித்துக்கொண்டு இப்போதைய ஆசிரியரிடம் பாட்டைத் தொடர்ந்தால் போதாதா?"

அனுப்புங்கள். ஆனால் எந்தக் கல்லூரி என்பதைப் பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு அந்த நகரம் உங்கள் மகளுக்குக் கிடைக்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நானும் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. சென்னைக்குப் போய் இசையில் பட்டமும் முதுகலையும் படித்தேன். இப்போது ஒரு பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். மகளை அனுப்பவிருக்கும் பெற்றோர் என்னிடம் பேசும்போது கட்டணம், பாடங்கள், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் கேட்கிறார்கள். விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று யாரும் கேட்பதில்லை. இசை மாணவிக்கு அதுதான் முதல் கேள்வி.

பாடத்திட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. எழுபத்திரண்டு மேளகர்த்தா எனும் தாய் ராகங்களும் முப்பத்தைந்து தாளமும் தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் கிருதிகளும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நல்ல ஆசிரியர் ஒருவர் திருநெல்வேலியிலேயே அவற்றைக் கற்றுத்தர முடியும். அங்கே கிடைக்காதது கேள்வி ஞானம், அதாவது கேட்டுக் கேட்டே வரும் அறிவு. ஒரே தோடி ராகத்தை ஒரே மாதத்தில் நான்கு வெவ்வேறு பாணிக்காரர்களிடம் நேரில் கேட்பது, ஒருவர் நிரவல் செய்த (விதவிதமாக விரித்துப் பாடிய) வரியை அடுத்த வாரம் இன்னொருவர் வேறு இடத்தில் எடுப்பதைக் கவனிப்பது, மேடையில் சுருதி சேராமல் போனால் பெரிய வித்வான் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பது. இதெல்லாம் காணொளியில் வராது. அங்கே நன்றாக அமைந்தது மட்டுமே வெட்டி ஒட்டி வருகிறது.

சென்னையில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் டிசம்பர் விழாவின்போது காலை எட்டு மணி அளவில் செயல்முறை விளக்க உரைகள் நடக்கின்றன. அவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கச்சேரி நடத்தும் மன்றங்களான சபாக்களில் பெரும்பாலானவற்றில் பகல் கச்சேரிகளும் இலவசம். அங்கேதான் இளம் பாடகர்கள் பாடுவார்கள். உங்கள் மகள் இன்னும் சில ஆண்டுகளில் எந்த நிலையை எட்ட வேண்டும் என்பதை அவர்களிடம் நேரடியாகப் பார்த்துவிடலாம். மார்கழி போனால் எல்லாம் போய்விடாது. மயிலாப்பூர் கீழமாட வீதியில் பாரதிய வித்யா பவன் அரங்கில் ஆண்டு முழுவதும் மாலை நிகழ்ச்சிகள் உண்டு, பலவும் இலவசம். பங்குனியில் கபாலீசுவரர் வீதியுலாவில் நாகசுவரம் கேட்கலாம். ராக ஆலாபனை எவ்வளவு தூரம் விரியும் என்பது எனக்கு அந்தத் தெருவில்தான் புரிந்தது.

இப்போது விடுதிக்கு வருகிறேன். மாலைக் கச்சேரி ஆறு அல்லது ஆறரைக்குத் தொடங்கும். வர்ணம், பிறகு இரண்டு மூன்று உருப்படிகள். முதன்மை உருப்படியும் நிரவலும் கற்பனாசுரமும் ஒரு மணி நேரம் தாண்டித்தான் வரும். அதன்பின் தனியாவர்த்தனம், அதாவது மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. பல்லவி (ஒரே வரியை எடுத்து விரிவாகப் பாடும் பகுதி) பாடுகிறவராக இருந்தால் ராகம் தானம் பல்லவிக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போகலாம். கச்சேரி முடிய ஒன்பது ஆகிவிடும். விடுதிக்கு ஏழரைக்குள் திரும்ப வேண்டும் என்றால் அந்தப் பெண் ஏழு மணிக்கு அரங்கை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் முதலில் தங்கிய விடுதி அப்படிப்பட்டது. அந்த ஓராண்டு முழுவதும் ஒரு தனியாவர்த்தனத்தைக்கூட நான் நேரில் கேட்டதில்லை. வகுப்பில் பல்லவி எழுதித் தந்தார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினேன். மேடையில் பாடகர் பல்லவியை எடுக்கும்போது மிருதங்கக்காரரின் முகத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. சபாக்கள் நிறைந்த ஊரில் இருந்தும் அவற்றைக் கேட்க முடியாமல் இருந்த ஆண்டு அது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஆகவே விடுதிக் காப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: கச்சேரிக்குப் போகும் மாணவிக்கு ஒன்பதரை வரை அனுமதி உண்டா? பெற்றோர் கடிதம் போதுமா, ஒவ்வொரு முறையும் கையெழுத்து வேண்டுமா? சில விடுதிகள் இசை, நடன மாணவிகளுக்கு இதைச் செய்து தருகின்றன. முடியவே முடியாது என்றால், அதே கல்லூரியில் சேர்த்துவிட்டு வேறு விடுதி பாருங்கள், அல்லது நம்பகமான வீட்டில் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து தங்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நான் மந்தைவெளியில் அப்படித்தான் இருந்தேன். தனியாகத் திரும்பக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம். அதை ஒருநாளும் மீறியதில்லை.

இடம் தேடும்போது பறக்கும் ரயில் தடத்தை மனத்தில் வையுங்கள். இசை படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வரைபடம் சென்னையில் இல்லை. சேப்பாக்கத்தில் இறங்கினால் சென்னைப் பல்கலைக்கழகம், அங்கே இந்திய இசைத்துறை. கலங்கரை விளக்கம் நிலையத்திலிருந்து நடந்தால் 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி. பெண்கள் இசையில் பட்டம் படிக்கும் பழைய இடம். திருமயிலையில் மயிலாப்பூர் சபாக்கள். பசுமைவழிச் சாலையில் அரசு இசைக் கல்லூரி; 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது, இப்போது இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. திருவான்மியூரில் ருக்மிணி தேவி 1936இல் நிறுவிய கலாக்ஷேத்திரா. இந்தத் தடத்தை ஒட்டித் தங்கினால் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மற்ற இடங்களின் நிகழ்ச்சிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதும் மாணவிக்குப் பெரிய உதவி. கட்டணம் குறைவு என்று புறநகரில் எங்கோ ஒரு கல்லூரியில் சேர்த்தால், மாலை நான்கரைக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி இறங்குவதோடு நாள் முடிந்துவிடும்.

கல்லூரி எதற்கு, தனி வகுப்பே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரியில் கிடைத்து தனி வகுப்பில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். அரசு இசைக் கல்லூரி போன்ற இடத்தில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாகசுவரம், பரதம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். மதிய உணவுக்குப் பிறகு காலியாக இருக்கும் வகுப்பறையில் வயலின் படிக்கும் பெண்ணையும் மிருதங்கம் படிக்கும் பையனையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரு கிருதியைப் பாடிப் பார்க்கலாம். தப்பும் தவறுமாகப் பத்து முறை பாடலாம், யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். பக்கவாத்தியத்தோடு பாடிப் பழகாதவள் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், முதல் மேடையில் மிருதங்கம் தொடங்கியதும் தடுமாறுவாள். அந்த நண்பர்கள்தான் பிற்காலத்தில் ஒருவருக்கொருவர் கச்சேரி தேடித் தருகிறவர்களாகவும் இருப்பார்கள்.

சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்ய இடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நான்கு பேர் தூங்கும் அறையில் விடியற்காலை ஐந்து மணிக்கு 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகார சாதகம் செய்ய முடியாது. கல்லூரி வகுப்பறைகளைக் காலையில் திறந்து தருவார்களா? மொட்டை மாடிக்குப் போகலாமா? நடனம் படிக்கும் பிள்ளையாக இருந்தால் தரையையும் பாருங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் அடவு போட்டு முழங்காலும் கணுக்காலும் கெட்டவர்களை நான் அறிவேன்.

வெளியில் ஒரு குருவிடமும் கற்க வேண்டியிருக்கும். மேடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியோடு நிற்காதவர்கள்தான். ஆனால் உடனே பெரிய பெயரைத் தேடி ஓட வேண்டாம். புகழ்பெற்றவர்கள் டிசம்பரில் கச்சேரிகளில் இருப்பார்கள், கோடையில் அமெரிக்கா போய்விடுவார்கள். 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையை ஒட்டிப் பலருக்கும் நீண்ட சுற்றுப்பயணம் அமையும். வாரம் இரண்டு நாள் முகம் பார்த்துத் திருத்துகிற, அதிகம் பெயர் தெரியாத ஒரு மூத்த ஆசிரியர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவர்களைவிடப் பயன்படுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சபா உலகம் சிறியது. ஒருவரையொருவர் தலைமுறையாக அறிந்தவர்கள் நிறைந்தது. நம் பக்கத்துப் பேச்சும், யாருடைய சிஷ்யை என்ற கேள்விக்குச் சொல்லப் பெரிய பெயர் இல்லாததும், முதலில் உங்கள் மகளைக் கூச வைக்கும். அதனால் அவள் பாட்டு குறைந்தது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அடிக்கடி தொலைபேசியில் பேசுங்கள், அந்த நாளில் என்ன கேட்டாள் என்று விசாரியுங்கள். மேடை வாய்ப்புக்கு நன்கொடை என்ற பெயரில் பணம் கேட்பவர்களும் வருவார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1943இல் தொடங்கிய தமிழிசைச் சங்கம் பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் இசைவிழாவும் பண் ஆராய்ச்சியும் நடத்துகிறது. தேவாரம், திருப்புகழில் அவளுக்குப் பிடிப்பு இருந்தால் அந்த அரங்கில் சீக்கிரமே ஒட்டிக்கொள்வாள்.

பாதுகாப்பு பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும், இருக்கவும் வேண்டும். குருவின் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை என்ற பழக்கம் கலைத்துறையில் இன்னும் பலமாக இருக்கிறது, அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றனவா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கேட்டதும் அலுவலகம் விழித்தால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த ஆசிரியராக இருந்தாலும் தப்பு தப்புதான், எங்களிடம் உடனே சொல் என்று மகளிடம் இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

எல்லாருக்கும் சென்னைதான் என்று நான் சொல்ல மாட்டேன். நாகசுவரம், தவில் என்றால் திருவையாற்றுக் கல்லூரியையும், எம்.எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறைத் தலைவராக இருந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் முதலில் பார்ப்பேன். அந்தக் கருவிகள் வாழ்கிற கோயில்கள் அங்கே சுற்றிலும் இருக்கின்றன. நாடகம் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் படிக்க வேண்டும் என்று உங்கள் மகள் சொல்லியிருந்தால், திருநெல்வேலியை விட்டு நகரவே வேண்டாம் என்று எழுதியிருப்பேன். கோயில் கொடை நாள் இரவில் மகுடம் என்ற தோல்கருவி அதிரும் இடத்துக்கு அருகிலேயே இருக்கிறீர்கள். கர்நாடக வாய்ப்பாட்டு என்பதால்தான் சென்னை.

வேலை பற்றிச் சுருக்கமாக. ஆசிரியப் பணிக்குப் பட்டம் வேண்டும், ஆகவே பட்டத்தை விட்டுவிட வேண்டாம். பட்டயம் தரும் நிறுவனத்தில் சேர்ப்பதானால், அரசுப் பணிக்கு அது எதற்கு இணையாக ஏற்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வானொலிக் குரல் தேர்வுக்கும் சீக்கிரமே தயாராகட்டும், அந்தத் தரவரிசை எங்கு போனாலும் பேசும்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு நீங்களே வாருங்கள். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையும் சென்னை இசைவிழாவும் ஒரே சமயத்தில் வரும். காலையில் அகாடமி உரை, பகலில் இரண்டு இலவசக் கச்சேரி, மாலையில் ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக் கடைசிவரை உட்காருங்கள். நடுவில் மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் தங்குமிடங்களைப் பார்த்துவிடலாம். கல்லூரிகளும் விடுமுறையில் இருக்கும் என்பதால் அலுவலக வேலைகளுக்கு விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். போகும் டிக்கெட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் அதனதன் முன்பதிவு திறக்கும் நாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.