இரண்டு மாதத்தில் மூன்று தலையணை

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பீடி பழக்கத்தால் வந்த நுரையீரல் நோய்க்குப் பல வருடமாக இன்ஹேலர் இழுக்கிறார். இரண்டு மாதமாக இரவில் படுத்தால் இளைப்பு. ஒரு தலையணை மூன்றாகிவிட்டது. ஒன்றரை, இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மருந்துக்கடையில் வீசிங் மாத்திரை வாங்கித் தருகிறோம். முழங்கால் வலிக்கும் அங்கேதான் மாத்திரை. சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பு போட முடியவில்லை. குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? ஃபேன், தயிர், வாழைப்பழம் தவிர்க்க வேண்டுமா? தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று நானும் தூங்குவதில்லை.

பதில்: குப்புறப் படுக்க வைக்காதீர்கள். 2021-இல் கொரோனா நிமோனியாவுக்காகச் சொன்ன முறை அது. இதயக் கோளாறு தீவிரமாக உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லப்பட்டது. வீடியோவில் அந்த வரியை யாரும் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மூன்று தலையணைதான். நுரையீரல் நோய்க்காரர்களுக்கும் படுத்தால் இளைக்கும், உண்மை. ஆனால் இரண்டே மாதத்தில் தலையணை ஏறுவது, தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுவது, கூடவே கால் வீக்கம் என்றால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். பகலில் காலில் தங்கும் நீர், படுத்ததும் ரத்தத்தோடு மேலே திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதை முன்னே தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. எழுந்து காலைத் தொங்கப் போட்டால் ஆசுவாசமாக இருப்பது அதனால்தான். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர்.

அந்தக் கடை மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். மூட்டுவலி மாத்திரைகளில் பல, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி இதயத்தை இன்னும் திணறடிக்கும். வீசிங் மாத்திரைகளில் சில படபடப்பைக் கூட்டி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காத ஒருவர் தரும் மாத்திரையை 71 வயதுக்காரருக்கு எந்த தைரியத்தில் கொடுக்கிறீர்கள்? மருத்துவர் எழுதிய இன்ஹேலர் மட்டும் தொடரட்டும்.

சரி, இரவில் மூச்சு முட்டும்போது என்ன செய்வது? ஓடிவந்து பஸ் பிடித்தவர் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்பாரே, அதேதான். கட்டில் ஓரத்திலோ நாற்காலியிலோ காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். பாதம் தரையில் படட்டும். முன்னால் ஒரு மேசை, அதில் தலையணை. இரண்டு முழங்கையையும் அதில் ஊன்றிச் சற்றே முன்சாயட்டும். கைக்குப் பிடிமானம் கிடைத்தால் கழுத்து, தோள் தசைகள் விலா எலும்பைத் தூக்க உதவிக்கு வரும். வயிறு மடிந்து அழுந்தக் கூடாது, வேட்டி முடிச்சைத் தளர்த்துங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். திணறுகிறவரை, "கொஞ்சம் படுங்கப்பா" என்று மட்டும் சாய்க்காதீர்கள். பாசத்தில் செய்கிற தவறு அது.

தூங்கும்போது கழுத்துக்குக் கீழே மட்டும் தலையணையை அடுக்கினால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு இன்னும் குறுகும். இடுப்பிலிருந்தே சரிவாக மேலேற வேண்டும். சாய்வு நாற்காலி இருந்தால் அதில் தூங்கட்டும்.

தயிரும் வாழைப்பழமும் இதற்குக் காரணமே இல்லை. ஃபேன் தாராளமாக ஓடட்டும், முகத்தில் காற்றுப் பட்டால் திணறல் உணர்வு தணியும். குறைக்க வேண்டியது ஊறுகாய், அப்பளம், கருவாடு.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். மூச்சு முட்டியதும் அவர் விழித்து எழுகிறார். உடம்பே அவரை எழுப்புகிறது. நான் பயப்படுவது, திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று மந்தமாகிக் கண் சொருகினால்தான். "அப்பாடா, தூங்கிட்டார்" என்று அப்போது விட்டுவிடாதீர்கள். அதேபோல், ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சளி நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, உட்கார்ந்து சில நிமிடத்தில் தணியாவிட்டாலோ உடனே 108. ஆம்புலன்ஸிலும் உட்கார்ந்தபடியே கொண்டு போகச் சொல்லுங்கள்.

இது எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் போங்கள். ஈசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் வாங்கியதையும் மறைக்காமல். உள்ளே போனதும், "பழைய வீசிங்தான் டாக்டர்" என்று தொடங்க வேண்டாம். "இரண்டு மாதத்தில் மூன்று தலையணை ஆகிவிட்டது, கால் வீங்குகிறது" என்று சொல்லுங்கள்.