ஏற்றத்தாழ்வு மிகுந்தால் அன்றாட நேர்மை குறையுமா?

இந்தக் கேள்வியில் வறுமை, ஏற்றத்தாழ்வு என்ற இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருப்பதால், முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது.

வறுமை நேர்மையைக் குலைக்கும் என்ற பேச்சின் பின்னால் இருக்கும், பணத்தைக் கண்டால் மனம் மாறிவிடும் என்ற எண்ணம் சோதனைகளில் அவ்வளவாக நிற்பதில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை, வங்கி, விடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களின் வரவேற்பாளர்களிடம், வெளியே கிடந்ததாகச் சொல்லி ஒப்படைத்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் அந்தப் பைகளில் ஒரு சாவி, மளிகைப் பட்டியல், உரிமையாளரின் முகவரி அட்டைகள் இருந்தன. பணமில்லாத பைகளில் சுமார் 40 சதவீதத்துக்கும், பணமிருந்தவற்றில் சுமார் 51 சதவீதத்துக்கும் உரிமையாளருக்குத் தகவல் வந்தது.

ஏற்றத்தாழ்வு வேலை செய்யும் விதம் வேறு. மேலே இருப்பவர்கள் விதிகளை வளைத்தே உயர்ந்தார்கள் என்ற எண்ணம் வேரூன்றினால், சிறிய பொய்க்கு மனம் எளிதாக நியாயம் கற்பித்துக்கொள்கிறது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 23 நாடுகளின் மாணவர்கள் தனியறையில் பகடையை இருமுறை உருட்டி, முதல் எண்ணை மட்டும் சொல்ல வேண்டியிருந்தது; சொன்ன எண்ணைப் பொறுத்துப் பணம் கிடைத்தது. ஊழலும் வரி ஏய்ப்பும் மிகுந்த நாடுகளில் பொய்யும் கூடுதலாக இருந்தது. ஆனால் அங்கும் பலர் அப்பட்டமாகப் புளுகவில்லை, இரண்டில் கூடுதல் பணம் தரும் எண்ணைச் சொன்னதற்கு ஒத்த அளவில்தான் ஏமாற்றினார்கள் (மனசாட்சிக்கும் ஒரு சலுகை விலை உண்டு போலும்). அந்த ஆய்வு அளந்தது விதிமீறலை, வருமான இடைவெளியை அன்று. ஆகவே இடைவெளி நேரடியாகப் பொய்யை வளர்க்கிறது என்பதைவிட, விதிகள் எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கையை அரிப்பதன் வழியாக வளர்க்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.