மிளா (கடமான்) எந்த வழியாகப் போகும்? குமரி மாவட்ட வாழிட இணைப்பு வரைபடம் – கேள்வி பதில்

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காட்டிலிருந்து கீழே தோட்டங்கள் வரை விலங்குகள் போய்வரும் வழிகளை வரைபடமாக்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். அது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, இணைப்பு வரைபடம் என்றால் யானை போகும் பாதைக்குக் கோடு போடுவதுதானா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

கோடு இல்லைம்மா, பட்டை. நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க அந்த விலங்குக்கு எவ்வளவு சிரமம் என்று ஓர் எண் கொடுப்போம். டோல்கேட் கட்டணம் மாதிரி. மிளாவுக்குக் காடு 1, முதிர்ந்த ரப்பர் 5, வீடுகள் நெருங்கிய இடம் 80 என்று வைத்துக்கொள். இரண்டு காடுகளுக்கு நடுவே கட்டணம் குறைவாக உள்ள இடமெல்லாம் பட்டையாகத் தெரியும். அது எங்கே கழுத்து மாதிரி குறுகுகிறதோ, அங்கே ஒரு வீட்டுமனை லேஅவுட் வந்தால் கதை முடிந்தது.

வில்லங்கம் அந்த எண்களில்தான் இருக்கிறது. அவற்றைக் கணினி தருவதில்லை, நாம்தான் போடுகிறோம். விலங்குக்கு விலங்கு மாறவும் செய்யும். தேவாங்கு கிளைவழியே போகிற உயிர். மரக்கிளைகள் கூடாத பத்து மீட்டர் ரோடுகூட அதற்குப் பெரிய தடை. யானைக்கு அந்த ரோடு ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்தையும் செயற்கைக்கோள் படம் காடு என்று காட்டுகிறது. இதை நம்பியா திட்டம் போடுகிறீர்கள்? (விவசாயி, குலசேகரம்)

நல்ல அடி. நானே அடிபட்டவன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலக நிலப்பரப்புப் படங்களில் மரம் என்றால் மரம், அவ்வளவுதான். ரப்பர், கிராம்பு, தென்னை, சோலை எல்லாம் ஒரே பச்சை. அதை அப்படியே எடுத்து நான் போட்ட முதல் படத்தில், கோதையாற்றுக் காட்டிலிருந்து மார்த்தாண்டம் பக்கம் வரை தங்குதடையில்லாத 'காடு' இருந்தது! மிளா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடும் போல.

இதற்கு வழி ரப்பர் மரமே காட்டியது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்விடும், பசுமைமாறாக் காடு அப்படிச் செய்யாது. நம் ஊரில் இரண்டு பருவமழை, மேகமில்லாத படம் கிடைப்பதே பாடு. நல்லவேளையாக ஜனவரியில் வானம் ஓரளவு தெளிந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் படங்களில் ஜனவரியையும் ஏப்ரலையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் பழுப்பாகவும் மற்றதில் பச்சையாகவும் இருப்பது பெரும்பாலும் ரப்பர். கொஞ்சம் இலையுதிர் காடும் இதில் மாட்டும், அதை நேரில் போய்த்தான் பிரிக்க வேண்டும்.

படத்தின் வருடத்தையும் பாருங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயலில் விழுந்த தோட்டங்கள் அடுத்த வருடப் படத்தில் வெட்டவெளி. அங்கே திரும்ப நட்ட கன்றுகள் இப்போது பால்வெட்டும் பருவத்து மரங்கள். பழைய படத்தை வைத்து எண் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அதற்காக ரப்பரை மதில் என்றும் நினைக்க வேண்டாம். ராத்திரி யானை நடக்கும், மிளா நடக்கும். சிங்கவால் குரங்குக்குத்தான் அங்கே தின்ன எதுவும் கிடையாது. மரமலை, கரும்பாறைப் பக்கத்துக் கிராம்பு எஸ்டேட்டுகளில் நிழல் மரங்கள் கலந்து நிற்பதால் அவற்றுக்குக் கட்டணம் இன்னும் குறைத்தே போடுவேன்.

சார், விடிகிறதுக்கு முன்னாடி தலையில லைட்டு கட்டிக்கிட்டு பால்வெட்டப் போறோம். படத்துல எங்க இடத்தை யானைப்பாதைன்னு போட்டா எங்களை அங்கேயிருந்து கிளப்பிவிடுவாங்களா? (கீரிப்பாறை)

அக்கா, எங்களைப் போன்றவர்கள் போடும் படத்துக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. அரசு அறிவிக்கை வந்தால்தான் அது சட்டம். ஆனால் படம் போடுகிறவர்கள் உங்களிடம் கேட்காமல் போடுவது பெரிய தப்பு. எந்த பிளாக்கில், எந்த மாதத்தில் யானை இறங்குகிறது, சக்கை (பலா) பழுக்கும் நேரத்தில் எந்தத் தோட்டம் பக்கம் திரும்புகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை வைத்து அந்த மாதங்களில் வெளிச்சம் வந்த பிறகு வேலை தொடங்க ஏற்பாடு கேட்கலாம். நான் படம் போடுவதில் எனக்குப் பிடித்த பயன் இதுதான்.

அரிக்கொம்பன் நடமாட்டத்தை வைத்துப் பாதை வரையலாமே?

வேண்டாம். 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்து, மேல்கோதையாறு முத்துக்குழியில் விட்ட யானை அது. புது இடத்தில் வழி தேடுகிறவனின் சுற்றலை ஊர்க்காரனின் வழி என்று எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அது அங்கிருந்து திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைப் பக்கமும் போனது. ஆகவே படத்தை மாவட்ட எல்லையில் வெட்டாதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தையும் கேரளத்தின் நெய்யாறு சரணாலயத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 2022-இல் அறிவித்த அகத்தியமலை யானைகள் காப்பகமே இரண்டு மாவட்டத்துக்கும் பொதுதான்.

ஆரல்வாய்மொழி தாண்டி மருந்துவாழ்மலைக்கு இணைப்பு உண்டா? (தோவாளை)

பெரிய விலங்குக்கு இல்லை என்றே சொல்வேன். நாலுவழிச் சாலை, ரயில் பாதை, காற்றாலை, வீடுகள் எல்லாம் நடுவில். முயல், நரி, உடும்புக்குச் சாலைக்கு அடியில் போகும் ஓடைப் பாலங்கள் உதவும். அவற்றை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

பறவைகளுக்கு? (சுசீந்திரம்)

அது வேறு கணக்கு. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் (இரண்டும் 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை), மணக்குடி காயல், நடுவில் உள்ள சின்னக் குளங்கள் எல்லாம் ஆற்றைத் தாண்டப் போட்ட கல் மாதிரி. தூரத்தைவிட எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது முக்கியம்.

மென்பொருள் எது? படம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், இணைப்புக் கணக்குக்குச் சர்க்யூட்ஸ்கேப். இரண்டும் இலவசம், போதும். சோதனைக்குக் கேமரா வாங்கக் காசில்லாவிட்டால் மணல் போதும். நான் ஓர் ஓடைப் பாலத்துக்கு அடியில் இரண்டு சட்டி ஆற்றுமணலைச் சலித்துப் பரப்பினேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் முள்ளம்பன்றியின் தடம், பக்கத்தில் முள் இழுத்த கோடுகூடத் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு ரப்பர் செருப்பின் தடம், இரண்டு காலி பாட்டில். ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்று அந்தக் கட்டத்தின் எண்ணை 10-இலிருந்து 25 ஆக்கினேன்.