மேசையில் பறக்கும் மஸ்டாங்குக்குக் கீழே எந்த அளவு டாங்கி?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மகனும் நானும் சாப்பாட்டு மேசையில் விமானச் சண்டை விளையாட்டு ஆடுகிறோம். 1/200 அளவில், அதாவது நிஜத்தில் இருநூறில் ஒரு பங்காக, ஆறு மஸ்டாங் போர் விமானங்கள் இருக்கின்றன. கொரியப் போரில் நம் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2ஆம் ஸ்குவாட்ரன் செய்த மாதிரி தரைத் தாக்குதல் ஆட்டம் ஒன்று அமைக்க ஆசை. டாங்கி, லாரி, பீரங்கி, பாலம் எல்லாமே 1/200-ல் இருந்தால்தான் ஆட்டம் சரியாக வரும் என்கிறார் இணையத்தில் விற்கும் ஒருவர். செட் 3,400 ரேண்ட். பாதியை முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் சொல்லும் காரணமே தப்பு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மஸ்டாங் ஒரு வினாடியில் 133 மீட்டர் கடக்கும். அதை 200-ஆல் வகுத்தால் சுமார் 67 சென்டிமீட்டர். உங்கள் மேசை ஆறடி என்றால் மூன்று வினாடிக்குள் விமானம் மேசையைத் தாண்டிச் சமையலறைக்குள் போயிருக்கும். உயரமும் அப்படித்தான். விமானத்தைத் தாங்கும் ஸ்டாண்ட் ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/200 கணக்கில் அது வெறும் பத்து மீட்டர். டர்பன் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் இருபது மீட்டர் பனையை அதே அளவில் செய்து வைத்தால் மரம் பத்து சென்டிமீட்டர் நிற்கும். விமானம் அதன் பாதி உயரத்தில் பறக்கும். ஆக, 1/200 என்பது விமான பொம்மையின் அளவு மட்டும்தான். மேசையில் நீங்கள் அளக்கிற தூரத்துக்கும் உயரத்துக்கும் அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. டாங்கியை மட்டும் 1/200-ல் வாங்கி எதைச் சரிசெய்யப் போகிறோம்?

தரையில் வைப்பதை ஒரு படி சிறிதாக வாங்குங்கள். 1/300 போதும். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது, கீழே இருக்கிற பொருள் சிறுத்துத் தெரிந்தால் விமானம் உயரத்தில் இருப்பதாகக் கண் தானே நம்பிவிடும். அதே அளவு டாங்கியை வைத்தால் விமானம் அதன்மேல் உட்கார வருகிற மாதிரி இருக்கும். கடைகளில் 1/300-ஐ ‘6 மி.மீ.’ என்று விற்பார்கள், அந்த அளவில் ஒரு ஆளின் உயரம் அது. 1/285 என்று எழுதியிருந்தாலும் தயங்காமல் எடுத்துக் கலந்து வையுங்கள்.

அடுத்தது, யாரும் சொல்லாத விஷயம். உங்கள் விளையாட்டு அட்டை வைத்து விமானத்தை நகர்த்தும் வகை என்றால், அந்த அட்டை மேசைமேல் தட்டையாகப் படிய வேண்டும். வழியில் ஒரு பாலமோ மரமோ நின்றால் அட்டை சாயும், விமானம் கோணலாகப் போய் நிற்கும், அப்புறம் மகனோடு சண்டைதான். அதனால் தரையில் வைப்பது எதுவும் ஒரு சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்ட வேண்டாம். 1/300-ல் ஒரு டி-34, அந்தச் சோவியத் டாங்கி, அதற்குள் அடங்கிவிடும். மரமே வேண்டாம், பச்சைத் துணியை வெட்டிப் போட்டால் அதுதான் காடு. அப்படியும் இடித்தால் பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து ரேண்ட் காசு அளவுக்கு ஒரு வட்டத்தை வைத்து, விமானம் போனதும் திரும்ப வையுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அளவு பொருந்தியே ஆக வேண்டும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் சிறிதாக வாங்கிவிட்டுப் பிறகு என்னைத் திட்டியவர்கள் உண்டு. விமானத்தளத்தைத் தாக்கும் ஆட்டத்தில் தரையில் நிறுத்தி வைக்கும் விமானங்கள், மேலே பறப்பவற்றின் அதே அளவில், 1/200-லேயே இருக்க வேண்டும். டாங்கியையும் விமானத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. இரண்டு மஸ்டாங்கை வைத்தால் உடனே பிடிபடும். 1/200-ல் மஸ்டாங்கின் இறக்கை நுனிக்கு நுனி 56 மில்லிமீட்டர், 1/300-ல் 38 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று அப்பா, இன்னொன்று குட்டி மாதிரி இருக்கும். அதோடு நிற்கிற விமானம் அடுத்த சுற்றில் கிளம்பி மேலே வரலாம். அப்போது பொம்மையை மாற்றிக்கொண்டா இருப்பீர்கள்? ஸ்டாண்டைக் கழற்றி அதே பொம்மையைத் தரையில் வையுங்கள், காசும் மிச்சம். ஓடுதளத்துப் பக்கம் கொட்டகை வேண்டுமென்றால் ரயில் பொம்மைக் கடையில் இசட் (Z) கேஜ் அளவு கேளுங்கள். அது 1/220, பக்கத்தில் வைக்கலாம். ‘என்’ (N) கேஜ் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது 1/148 அல்லது 1/160, மஸ்டாங்கை விழுங்கிவிடும்.

இனி அந்த விற்பனையாளர். அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த இனத்தை நன்றாகத் தெரியும். பாதிப் பேரிடம் சொந்தச் சரக்கு கிடையாது. வேறு யாரோ வடிவமைத்த கோப்பை வாங்கி, யாரிடமோ ரெசின் என்ற பிசினில் பொம்மை வார்க்கும் முப்பரிமாண பிரிண்டரில் அடித்து, நடுவில் நின்று காசு பார்க்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கோப்பு 1/100-க்குச் செய்தது. 50 சதவீதம் என்று ஒரு எண்ணைத் தட்டினால் 1/200 ஆகிவிடும். நீளம் பாதியானால் ரெசின் எட்டில் ஒரு பங்குதான் செலவாகும். விலை மட்டும் இறங்கவே இறங்காது. பெரிய அளவுக்கு வரைந்த பீரங்கிக் குழல் பாதியாகச் சுருங்கும்போது தலைமுடி மாதிரி ஆகிவிடும். பெட்டியைத் திறக்கும்போதே நான்கு குழல் உடைந்து கிடக்கும், கேட்டால் கூரியரைக் கைகாட்டுவார்.

அவரிடம் ‘என்ன அளவு’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் உங்களுக்குப் பிடித்த எண்ணைத்தான் சொல்வார்கள். அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து டாங்கியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டி-34 குழல் நீங்கலாக சுமார் ஆறு மீட்டர். 1/300 என்றால் 20 மில்லிமீட்டர், 1/200 என்றால் 30. படத்தில் 42 காட்டினால் அது 1/144, யாரோ வாங்காமல் விட்ட சரக்கு உங்கள் தலையில் இறங்குகிறது. படம் அனுப்ப நேரமில்லை என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

‘அப்படியானால் வெளிநாட்டிலிருந்தே நேராக வரவழைத்துவிடுகிறேன்’ என்பீர்கள். வரவழையுங்கள், ஆனால் 15 சதவீத வாட் வரியோடு கதை முடியாது. போன வருடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொட்டலம் வரவழைத்தேன். உள்ளே இருந்த பொருளின் விலையைவிடக் கூரியர்க்காரர் போட்ட ‘கையாளும் கட்டணம்’ அதிகம். பொம்மையா, சிலையா, உலோகப் பொருளா என்று மூன்று முறை ஒரே கேள்வி, மூன்று முறையும் ஒரே பதில். இரண்டு சென்டிமீட்டர் டாங்கியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாத படிவத்தை யார் எழுதினார்களோ! நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் அந்தக் கட்டணமாவது பங்காகும்.

உங்கள் ஆட்டத்துக்கு டாங்கி இரண்டு போதும். காசைப் பீரங்கியில் போடுங்கள். கொரியாவில் 2ஆம் ஸ்குவாட்ரன் நூறுக்குக் கொஞ்சம் குறைவான மஸ்டாங்குகளைப் பறக்கவிட்டு 74-ஐ இழந்தது. தாழப் பறந்து தாக்கும் வேலை அது, தரையிலிருந்து வந்த துப்பாக்கிச் சூடுதான் பெரிய ஆபத்து. மஸ்டாங்கின் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஒரு குண்டு பட்டால் குளிர்நீர் கசிந்து எஞ்சின் சூடாகி நின்றுவிடும். ஆகவே விமான எதிர்ப்புப் பீரங்கி நான்கு, லாரி ஐந்தாறு, பாலம் ஒன்று. எது நிஜப் பீரங்கி, எது வெறும் கட்டை என்று மகனுக்குத் தெரியாதபடி இரண்டு மூன்று போலிகளையும் வையுங்கள். போலிக்குத் தீக்குச்சித் துண்டு போதும்.

பாலத்தை ஐஸ்கிரீம் குச்சியில் நீங்களே செய்துவிடலாம். தரைக்குக் கடற்கரை மணலை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, உப்புப் போகக் காயவைத்து ஒட்டுங்கள். மணலுக்குப் பதில் ரவை ஒட்டும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். நானும் ஒட்டினேன். டர்பன் ஈரத்துக்கு இரண்டே மாதத்தில் என் ஓடுதளத்தில் வண்டு ஊர்ந்தது.