கைவிடப்பட்ட ஸ்மார்ட்வாட்ச்சில் சொந்த ப்ரோக்ராம் ஏற்றலாமா?

கேள்வி: என்னிடம் உள்ள மலிவு ஸ்மார்ட்வாட்ச்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன் ஆப்பில் இப்போது லாகின் ஆகவில்லை. வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. திறந்து சொந்தமாக ஏதாவது ஏற்றிப் பார்க்கலாமா?

பதில்: ஆப் மட்டும்தான் பிரச்சினை என்றால் திறக்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் கேஜெட்பிரிட்ஜ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கிறது. கணக்கு எதுவும் கேட்காமல் பல வாட்ச்களோடு நேரடியாகப் பேசும். முதலில் அதன் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள்.

சொந்த ப்ரோக்ராம்தான் ஆசை என்றால், எல்லாமே உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது. ஆவணமே வெளியிடாத சிப் என்றால் மாதக்கணக்கில் இருட்டில் துழாவ வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 (nRF52832) என்ற ப்ளூடூத் சிப் என்றால் யோகம்தான். 64 கிலோபைட் ரேம், ப்ரோக்ராமைச் சேமிக்க 512 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம், கடிகாரத்துக்குத் தாராளம். சொந்த ப்ரோக்ராம் ஏற்றவே விற்கப்படும் பைன்டைம் என்ற வாட்ச்சில் இருப்பதும் இதே சிப்தான் என்பதால், அதற்காக எழுதிய இன்ஃபினிடைம் என்ற ஓப்பன் சோர்ஸ் ப்ரோக்ராமின் மூலநிரலைப் படித்தே நிறையக் கற்கலாம். திறக்காமலே ஒரு துப்பு கிடைக்கும்: ப்ளூடூத் ஸ்கேனர் ஆப்பில் எஃப்இ59 (FE59) என்ற சேவை எண் தெரிந்தால், பெரும்பாலும் அது நார்டிக் சிப்.

இனி, நிதானமாக யோசிக்க வேண்டிய இடம். இந்தச் சிப்பைப் பெரும்பாலும், உள்ளே இருப்பதை வெளியிலிருந்து படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புவார்கள். பூட்டைத் திறக்க முறையான ஒரே வழி, உள்ளே இருப்பதை முழுவதும் அழிப்பது. பழைய ஃபர்ம்வேரை, அதாவது வாட்ச்சோடு வந்த ப்ரோக்ராமை, சாதாரணமாக நகலெடுக்க முடியாது, அழித்தால் போனதுதான். கம்ப்யூட்டரைச் சிப்போடு இணைக்கும் கருவிகளில், மலிவான எஸ்டி-லிங்க் இந்தப் பூட்டைத் திறக்கும் வேலைக்குப் பொதுவாக உதவாது. ஜே-லிங்க் வாங்குங்கள், இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை பைகோ என்ற சிறிய போர்டை அதே போன்ற கருவியாக (டீபக் ப்ரோப்) மாற்றி, ஓப்பன்ஓசிடி என்ற இலவச மென்பொருளோடு பயன்படுத்துங்கள்.

மூடியை நெம்ப பிளாஸ்டிக் பட்டைதான் நல்லது. லித்தியம் பேட்டரியில் உலோக முனை குத்தினால் தீப்பிடிக்கும். அப்புறம், திறந்த வாட்ச்சை நீர் புகாதது என்று நம்பாதீர்கள்.

ப்ரோக்ராம் ஓடியதும் உடனே மூடியை ஒட்டிவிடத் தோன்றும். பொறுங்கள். ப்ளூடூத் வழியே ப்ரோக்ராமைப் புதுப்பிக்கும் பூட்லோடரும், ப்ரோக்ராம் உறைந்தால் வாட்ச்சைத் தானாக மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் டைமரும் வேலை செய்கின்றனவா என்று, வேண்டுமென்றே ப்ரோக்ராமை உறையவிட்டுச் சோதியுங்கள். தானாக மீண்டு வந்தால் பசை தடவி மூடியை ஒட்டுங்கள்.