பாங்காக்கில் ஒரே நாள்தான் இருக்கிறது. அரண்மனை, வாட் போ கோயில், வாட் அருண் கோயில் மூன்றையும் பார்க்க முடியுமா?

முடியும், வரிசை மாறாமல் போனால். முதலில் அரண்மனை. காலை 8.30க்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்களும் வெயிலும் சேர்ந்து நெருக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாத். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அரண்மனை வளாகத்திலேயே இருக்கும் மரகத புத்தர் சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. எல்லோரும் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், சுற்றுப் பிராகாரச் சுவரில் 178 பகுதிகளாகத் தீட்டியிருக்கும் ராமகியன் ஓவியங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ராமாயணத்தின் தாய்லாந்து வடிவம் அது. இங்கே அனுமன் வெள்ளை நிறம், பிரம்மச்சாரியும் அல்ல!

வெளியே வந்ததும் "வாட் போ இன்று மூடியிருக்கிறது, இருபது பாத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது டுக்-டுக் ஆட்டோவுக்குக் கூப்பிட்டால் நிற்காதீர்கள். வண்டி போய் நிற்பது ரத்தினக் கடையில்.

தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் வாட் போ. சயன புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் உள்ள முத்துச்சிப்பி வேலைப்பாட்டைத் தவறவிடாதீர்கள்.

அருகிலேயே தா தியன் படகுத்துறை. சில பாத்துகளில் ஆற்றின் அக்கரையில் உள்ள வாட் அருணுக்குப் படகு. அந்தக் கோயில் கோபுரத்தின் படிகள் செங்குத்து, இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். சூரியன் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் மறைவதால், அந்திக்கு முன் இக்கரை திரும்பிவிட்டால்தான் படம் நன்றாக வரும். ஊர் திரும்ப சனம் சாய் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில்.